வைத்தியக் கல்வி: உள்நாட்டிலா, கடல் கடந்தா?

வருஷந்தோறும் நீட் பரீட்சையின் முடிவு வெளியான மறுநாள் தொடங்கி, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களின் சுவர்களும் மின்கம்பங்களும் ஒரே சமாசாரத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. ருஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று, நமது முன்னோர் பூகோள பாடத்திலும் அதிகம் கேட்டிராத தேசங்களின் பெயர்கள் துண்டு விளம்பரங்களில் அச்சாகின்றன. குறைந்த செலவில் டாக்டர் ஆகலாம் என்பதே அவ்விளம்பரங்களின் சாரம். அவற்றைப் படிக்கும் தாய் தந்தையரோ பெரும்பாலும் ஆவடித் தொழிற்சாலைகளிலோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, பள்ளிக்கூடத்திலோ, சிறு கடையிலோ பாடுபட்டு, ஒரு மனை வாங்கி அதன்மேல் ஒரு வீடும் கட்டி முடித்தவர்கள். அந்த வீட்டின் பத்திரம் இப்போது பாங்கிக்குப் போகலாமா என்பது கேள்வி. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

தேசியப் பத்திரிகை ஒன்று இதில் என்ன சொல்லும் என்று வாசகர்களில் பலர் முன்கூட்டியே ஊகித்திருக்கக் கூடும். அந்நியக் கலாசாலையை நாடாதே, சுதேசியே சிறந்தது என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைப்பது மிகவும் சுலபம். கதருக்கும் அந்நியத் துணிக்கும் நடுவே ஒருவன் கதரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிந்தது. ஏனெனில் கதர் கடையில் இருந்தது. கடையில் இல்லாத சரக்கை வாங்கவில்லையே என்று ஒரு பெண்ணைக் கடிந்துகொள்வதைத் தேசபக்தி என்று நாம் கருதவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் நீட் எழுதியவர்கள் 22 லட்சம் பேர். அவர்களில் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டவர்கள் 12 லட்சத்துக்கு மேல். தேசத்திலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ, சர்க்கார் கல்லூரி, தனியார் கல்லூரி எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டியவையே. ஆகவே, தகுதி பெற்ற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இங்கே இடம் உண்டு. "தகுதி" என்னும் சொல் இவ்வளவு மலிவாக வழங்கப்படுவது பெற்றோரை மயங்கச் செய்கிறது. பிள்ளை தேறிவிட்டான், இடம் மட்டும் கிடைக்கவில்லை, சர்க்கார் அநியாயம் செய்துவிட்டது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். 2018ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டில் வைத்தியம் படிக்கப் போகிறவர்களும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டுமென்று விதி வந்துவிட்டபடியால், அந்தத் தகுதிச் சீட்டு ஏஜெண்டுகளின் கையில் ஒரு பிரயாணச் சீட்டாக மாறிவிட்டது. மார்க்கை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதும் வீண் வேலை. 2024இல் முதன்முதலில் வெளியான முடிவில் 720க்கு 720 வாங்கினவர்கள் 67 பேர். கூச்சலுக்கும் வழக்குகளுக்கும் பிறகு அத்தொகை 17 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டில் முதலிடம் பெற்றவரே 686தான் வாங்கினார். அண்டை வீட்டுப் பையன் போன வருஷம் இத்தனை மார்க்கில் சேர்ந்தான் என்ற பேச்சை விட்டுவிட்டு, தர வரிசை எண்ணையும் இனவாரி ஒதுக்கீட்டையும் பார்க்க வேண்டும்.

நமது ராஜ்யத்தின் நிலைமை மற்றப் பல ராஜ்யங்களைவிட மேலானது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 36 சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட இடங்கள். அதில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்தியத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. 2022 ஜனவரி 12ஆம் தேதி ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு கல்லூரிகளில் திருவள்ளூர்க் கல்லூரியும் ஒன்று. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் போய் வரக்கூடிய தூரம். கிழக்கே போனால் 1960இல் ஏற்பட்ட கீழ்ப்பாக்கம் கல்லூரி. அதற்கப்பால் 1938இல் பிறந்த ஸ்டான்லி. 1835இல் பிறந்த சென்னை வைத்தியக் கல்லூரி. இவற்றில் கல்விக் கட்டணம் வருஷத்துக்கு இருபதினாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் நூற்றுக்கு ஏழரை வீதம் உள் ஒதுக்கீடு உண்டு; அவர்களுடைய கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்கிறது. தனியார் பள்ளிக்குக் கடன்பட்டுக் கட்டணம் கட்டிய பல தந்தையர், இந்த ஒரு விதியை எட்டு வருஷம் முன்பே அறிந்திருந்தால் என்று இப்போது ஏங்குகிறார்கள். அது சட்டமாவதற்கு முன்னால் அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் இன்று ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் அறிந்துகொள்ளலாம்.

இனி, நமது பிரதேசத்துக்கே உரிய விசித்திரம் ஒன்று. போரூரிலிருந்தும் வேலப்பன்சாவடியிலிருந்தும் பூவிருந்தவல்லிக்கு வந்து, அங்கிருந்து பெங்களூர்ச் சாலையில் தண்டலம் வரையில் போகிறவர்கள் நான்கைந்து வைத்தியக் கல்லூரிகளின் வாசலைக் கடக்கிறார்கள். இவ்வளவு குறுகிய தூரத்தில் இத்தனை வைத்தியக் கல்லூரிகள் அமைந்த சாலைகள் தேசத்தில் அதிகம் இரா. பூவிருந்தவல்லிப் பெண் ஒருத்தி பஸ்ஸின் ஜன்னல் வழியே அவற்றைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகிறாள். ஆனால் தனியார் கல்லூரியில் சர்க்கார் ஒதுக்கீட்டு இடத்துக்கே வருஷத்துக்கு நான்கரை லட்சத்தை ஒட்டிய கட்டணம். நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பதின்மூன்றரை லட்சத்தை ஒட்டியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலோ இருபது லட்சத்தைத் தாண்டி, சிலவற்றில் இருபத்தைந்தையும் கடந்துவிடுகிறது. நாலரை வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடி! வீட்டு வாசலில் உள்ள கல்லூரிக்கு ஒரு கோடி, நாலாயிரம் மைல் அப்பாலுள்ள கல்லூரிக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லட்சம் என்று விளம்பரக்காரன் சொல்லும்போது, தூரத்தில் இருப்பதே மலிவாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணியில் அமைந்த சமுதாயமே நமது லட்சியம் என்று தீர்மானித்தது. பந்தல் போட்ட மைதானத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தார்கள். அந்தத் தீர்மானத்தை இன்று யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆனால் அது நிறைவேறிய இடத்திலிருந்து சில மைல் தூரத்தில் டாக்டர் படிப்பு ஒரு கோடிக்கு விற்கிறது என்ற உண்மையை மட்டும் குறித்து வைக்கிறோம்.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்று கேட்பார்கள். தடுக்கப் பார்த்தது உண்மை. 1992இல் மோகினி ஜெயின் வழக்கில், கர்நாடகத்துத் தனியார் வைத்தியக் கல்லூரியொன்று வருஷத்துக்கு அறுபதினாயிரம் ரூபாய் கேட்டதை எதிர்த்து ஒரு மாணவி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நன்கொடை வாங்கிக்கொண்டு இடம் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். அதே ஆண்டில் நமது ராஜ்ய சட்டசபையும் நன்கொடைத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. பத்து வருஷங்கள் சென்றன. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கூடி, தனியார் கல்லூரிகள் தம் கட்டணத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையைப் பெரிதும் ஒப்புக்கொண்டார்கள். கொள்ளை லாபம் மட்டும் கூடாது என்றார்கள். கொள்ளை எது, நியாயமான லாபம் எது என்பதை அளக்கக் கமிட்டிகள் ஏற்பட்டன. அறுபதினாயிரம் அக்கிரமம் என்று சொல்லப்பட்ட இடத்தில் இருபது லட்சம் சட்டபூர்வமாகி நிற்கிறது. ரூபாயின் மதிப்புக் குறைந்ததைக் கழித்துக்கொண்டாலும் இந்தத் தூரம் மலைக்க வைப்பதாகும். வைத்தியக் கல்லூரி இடம் என்பது இத்தேசத்தில் எவ்வளவு கனமான வஸ்து என்பதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. 1951இல் சென்னை ராஜ்யத்துக்கும் செண்பகம் துரைராஜனுக்கும் நடந்த வழக்கு வைத்தியக் கல்லூரி இடத்தைப் பற்றியதே. அதன் விளைவாக, அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஒன்றரை வருஷத்துக்குள்ளாகவே அதற்கு முதல் திருத்தம் செய்ய நேர்ந்தது.

கடல் கடந்து வைத்தியம் கற்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அன்று போனவர்கள் போன விதம் வேறு. 1855இல் இந்திய வைத்திய சர்வீஸுக்குப் போட்டிப் பரீட்சை ஏற்பட்டபோது, அது லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பலேறிப் போக முடிந்தவனே அதை எழுதலாம். கல்கத்தாவைச் சேர்ந்த சக்கரவர்த்தி என்பவர் அப்படிப் போய், முதல் பரீட்சையிலேயே தேறினார். நமது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் பட்டம் பெற்று, பல வருஷம் தொழில் செய்த பிறகே, 1925இல் மேற்பயிற்சிக்காகச் சீமை சென்றார். எதிர்த் திசையில் வந்தவர்களும் உண்டு. லண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டமளிக்க முன்வராத 1875இல், மேரி ஷார்லிப் என்ற ஆங்கில மாது நமது சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்துதான் தம் முதற் பாடத்தைக் கற்றார். (அவருடைய கணவர் சென்னையில் பாரிஸ்டராக இருந்தவர் என்பதை நம் தொழிலைச் சார்ந்த நண்பர்கள் அறிந்து மகிழலாம்.) இங்கே கற்றுவிட்டு மேலும் கற்க அங்கே போவது அக்காலத்து வழக்கம். இங்கே நுழைய முடியாமல், முதற் பாடத்துக்கே அங்கே போவது இக்காலத்து வழக்கம். இரண்டுக்கும் "வெளிநாட்டுப் படிப்பு" என்று ஒரே பெயர் வைத்திருப்பதால், பழைய பெயரின் மதிப்பைப் புதிய வியாபாரி அனுபவிக்கிறான்.

1930ஆம் ஆண்டில் நடந்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நலம். லண்டனிலிருந்த ஜெனரல் மெடிகல் கவுன்சில் அவ்வாண்டில் இந்திய சர்வகலாசாலைகளின் வைத்தியப் பட்டங்களை அங்கீகரிப்பதை நிறுத்திவிட்டது. பிரசவ வைத்தியத்தில் மாணவர்களுக்கு நேர்முகப் பயிற்சி போதவில்லை என்பது அச்சபையார் பல வருஷமாகச் சொல்லி வந்த குறை. தேசமெங்கும் கோபம் மூண்டது. நமது பட்டத்துக்கு மதிப்பிட இவர்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. அதன் பயனாக 1933இல் இந்திய மெடிகல் கவுன்சில் சட்டம் பிறந்தது. அந்தக் கவுன்சில் களங்கப்பட்டுக் கலைக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவக் கமிஷன் அதன் ஸ்தானத்தில் அமர்ந்தது. இன்று அந்தக் கமிஷன் பிஷ்கெக்கிலும் திபிலிசியிலும் பட்டம் பெற்று வருகிற நமது பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் குறை என்ன? நோயாளியைத் தொட்டுப் பழகிய பயிற்சி போதவில்லை என்பதே! சொன்னவர் மாறினார், கேட்டவர் மாறினார், குறை மாறவில்லை. அன்று அது ஏகாதிபத்தியத் திமிரோடு கலந்து வந்தபடியால் நாம் கோபித்தோம். கோபத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் புத்தகத்தில் மட்டும் வைத்தியம் வராது என்ற உண்மை எந்த நிறத்தானுடைய வாயிலிருந்து வந்தாலும் உண்மைதான்.

இங்கேதான் பாஷையின் விஷயம் வருகிறது. வகுப்பறையில் ஆங்கிலத்தில் பாடம் நடத்துவதாக ஏஜெண்டு உறுதி கூறுவான். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ஜார்ஜியக் கிழவிக்கோ கிர்கிஸ் குடியானவனுக்கோ ஆங்கிலம் தெரியாது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்கத் தெரியாத மாணவன் சுவரோரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறான். கீழ்ப்பாக்கத்திலோ ஸ்டான்லியிலோ படிப்பவன் விடிந்தால் நூறு நோயாளிகளைப் பார்க்கிறான்; அவர்கள் பேசுவது அவனுடைய தாயின் பாஷை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீன் இதை நன்கு உணர்ந்திருந்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பித்தார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கியும் ஆக்குவித்தும் வெளியிட்டார். தமிழில் கற்றவன் தமிழ்க் கிராமத்திலேயே இருந்து தொழில் செய்வான் என்பது அவருடைய எண்ணம். அந்நியராகப் பிறந்த ஒருவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தெரிந்தது, இன்று நமது கல்வி மந்திரிகள் மேடையில் பேசும் பொருளாக மட்டும் இருக்கிறது.

வெளிநாடு போகிறவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021 நவம்பர் 18ஆம் தேதி வெளியாயின. ஏஜெண்டு அவற்றை முழுமையாகச் சொல்லமாட்டான் ஆகையால், நாமே சொல்கிறோம். படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. அது ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும். அதே ஸ்தாபனத்தில் பன்னிரண்டு மாதம் பயிற்சி பெற வேண்டும். முக்கியமாக, அந்தப் பட்டத்தைக் கொண்டு அந்தத் தேசத்திலேயே அதன் பிரஜைகளைப் போல வைத்தியத் தொழில் செய்ய உரிமை இருக்க வேண்டும். திரும்பி வந்து பரீட்சையில் தேறி, இங்கும் பன்னிரண்டு மாதம் ஹவுஸ் சர்ஜனாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பத்து வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும். பிலிப்பைன்ஸ் போனவர்கள் பலர் இந்த விதிகளில்தான் இடறினார்கள். அங்கே வைத்தியப் படிப்பு நான்கே வருஷம், அதற்கு முந்திய முன்படிப்பை நமது கமிஷன் கணக்கில் சேர்ப்பதில்லை. கமிஷனால் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி என்று விளம்பரத்தில் கண்டால், வாசகர்கள் அந்த இடத்திலேயே சந்தேகிக்கலாம். இன்ன கல்லூரி நல்லது என்று கமிஷன் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் சான்று கொடுப்பதில்லை. விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளும் பாரம் மாணவன் தலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை தலையில் இப்பாரத்தை ஏற்றுவது நியாயமா என்பது வேறு கேள்வி. நியாயமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

திரும்பி வந்து எழுத வேண்டிய பரீட்சை 2002 முதல் நடைமுறையில் உள்ளது. வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. 300க்கு 150 வாங்க வேண்டும். பொதுவாக எழுதுவோரில் ஐந்தில் ஒருவரோ நான்கில் ஒருவரோ தேறுகிறார்கள். இந்த விகிதத்தைக் காட்டி, வெளிநாடு போனவர்களில் முக்கால்வாசிப் பேர் டாக்டரே ஆவதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியான கணக்கு அல்ல. தோற்றவர்களே மறுபடியும் மறுபடியும் எழுதுவதால் ஒவ்வொரு தடவையும் விகிதம் தாழ்ந்து தெரிகிறது. மூன்றாவது நான்காவது தடவையில் தேறுகிறவர்கள் அனேகர். ஆயினும் அந்த மூன்று தடவைக்கும் ஒன்றரை வருஷமும் பயிற்சிக் கூடத்துச் சம்பளமும் கணக்கில் ஏறுகின்றன. இங்கே ஐந்தரை வருஷத்தில் முடிவது, அங்கே போனவனுக்கு எட்டு வருஷமாகிவிடுகிறது.

நடுநிலையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு கோடி கொடுத்துப் படித்தவன், தன் கல்லூரிப் பரீட்சையில் தேறிவிட்டால் வேறெந்தத் தேசியப் பரீட்சையும் எழுதாமலே தொழில் நடத்தலாம் என்ற நிலைமை வெகு காலமாக இருந்து வந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஓர் இறுதிப் பரீட்சை மூன்று வருஷத்துக்குள் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்த மூன்று வருஷமும் கழிந்தது, கெடு நீட்டப்பட்டது, பரீட்சை வரவில்லை. வெளியே படித்தவனை உரைகல்லில் உரசிப் பார்ப்பவர்கள், உள்ளே பணம் கொடுத்துப் படித்தவனையும் அதே கல்லில் உரசிப் பார்க்கத் தயங்குவதேன்?

யுத்தமும் கொள்ளைநோயும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. 2020இல் சீனத்திலிருந்து விடுமுறைக்கு வந்த மாணவர்கள் இரண்டரை வருஷம் வரையில் திரும்பிப் போக முடியாமல், கைப்பேசித் திரையில் உடற்கூறு படித்தார்கள். 2022 பிப்ரவரி 24ஆம் தேதி உக்ரேனில் யுத்தம் மூண்டபோது, நிலவறைகளில் பதுங்கியிருந்த நமது பிள்ளைகளை விமானம் அனுப்பி அழைத்துவர வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,900 பேர். வந்தவர்களை மாலையிட்டு வரவேற்ற சர்க்கார், இங்கேயுள்ள கல்லூரிகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் கூறிவிட்டது. 2023 மார்ச்சில், கடைசி வருஷத்தவர்களுக்கு மட்டும், எந்தக் கல்லூரியிலும் சேராமலே இறுதிப் பரீட்சைகளை எழுத ஒரு தடவைச் சலுகை கிடைத்தது; அதற்குப் பின் இரண்டு வருஷம் பயிற்சி என்ற நிபந்தனையோடு. நடுவிலிருந்த மற்றவர்கள் வேறு தேசம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் மேற்கொண்டு கட்டிய பணம் யாருடைய வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசுகையில் டாலரை மறக்கலாகாது. 2011இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு நாற்பத்தைந்து ரூபாய். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது எண்பதைத் தாண்டிவிட்டது. கட்டணம் டாலரில், கடன் ரூபாயில், தந்தையின் சம்பளமும் ரூபாயில். முதல் வருஷத்தில் போட்ட கணக்கு ஆறாம் வருஷத்தில் நிற்காது. பாங்கிகளோ, ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு ஈடு கேட்கின்றன. ஈடு என்றால் நமது வாசகர்களுக்கு அந்த ஒரே வீடுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, முடிவாக என்ன செய்யலாம் என்று கூறாமல் விடுவது முறையன்று. பிள்ளையின் தர வரிசை சர்க்கார் இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டதானால், ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடியும் எழுதுவதே மேல் என்பது நமது திடமான அபிப்பிராயம். ஒரு வருஷம், மூன்று வருஷமல்ல. திருமணச் சந்தையில் விலை போகாது என்று பெண்பிள்ளைக்கு மட்டும் அந்த ஒரு வருஷத்தை மறுக்கும் வழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாட்டில் இது வெட்கத்துக்குரியது. தர வரிசை வெகு தூரத்தில் இருந்தால், பிள்ளைக்கு வேண்டியது நோயாளிக்குச் செய்யும் சேவையா, பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டெழுத்தா என்று தாய் தந்தையர் அவனையே கேட்க வேண்டும். செவிலியர் பட்டப்படிப்பும், உடலியக்க வைத்தியமும், அரும்பாக்கத்தில் கற்பிக்கும் சித்த வைத்தியமும் கேவலமான தொழில்களல்ல. பூவிருந்தவல்லியிலேயே பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையம் ஒன்று இருப்பதை அவ்வூர்க்காரர்களிலேயே பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கோடி கடன் வாங்கி உள்ளூர் நிகர்நிலைக் கல்லூரியில் சேர்ப்பதை, சுதேசிக் கல்லூரி என்ற ஒரே காரணத்துக்காக நாம் ஆதரிக்கப் போவதில்லை. அந்தக் கடனை நாளைக்கு அடைக்கப் போகிறவர்கள் அவனிடம் வரும் நோயாளிகள்.

கையில் கடனில்லாத சேமிப்பு உண்டு, பிள்ளை தானே விரும்புகிறான், படிப்பில் ஊக்கமுள்ளவன், அந்த ஊர்ப் பாஷையை முதல் வருஷத்திலேயே கற்கத் தயாராக இருக்கிறான் என்ற நான்கும் கூடியிருந்தால், போகட்டும், ஆசீர்வதித்து அனுப்பலாம். அப்படிப் போய்த் தேறித் திரும்பி, நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நன்கு வேலை செய்கிறவர்களை நாம் அறிவோம். வெளியே படித்தவன் என்று அவர்களை இளப்பமாகப் பேசும் வழக்கம் ஒழிய வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நமக்கு அடுத்துள்ள காஞ்சிபுரம் ஜில்லாவில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இல்லாத குறை வெகுநாளையது. இதனிடையே, பத்து லட்சம் ஜனத்தொகைக்கு நூறு இடத்துக்கு மேல் கூடாது என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவக் கமிஷன் ஒரு வரம்பு கட்டப் பார்த்தது. அந்த வரம்பை முன்பே தாண்டிவிட்ட தமிழ்நாடு எதிர்ப்புத் தெரிவித்த பின் அது நிறுத்தி வைக்கப்பட்டது. முன்னே போனவனை நிறுத்திவைத்துப் பின்தங்கினவனோடு சமமாக்கும் இந்த யோசனை மறுபடியும் தலைதூக்காமல் பார்த்துக்கொள்வது நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களின் கடமை.

கடைசியாகத் தாய் தந்தையர்க்கு ஒரு வக்கீல் வார்த்தை. நமது ராஜ்யத்தில் கலந்தாய்வு பல சுற்றுகளாக நடந்து முடியப் பல வாரம் ஆகும். பிற்சுற்றுகளில் எதிர்பாராத இடங்கள் திறப்பதுண்டு. ஏஜெண்டு அதற்கு முன்பே முன்பணம் கேட்டு அவசரப்படுத்துவதன் காரணம் இதுவே. கடைசிச் சுற்று முடியும் வரையில் எதிலும் கையெழுத்திடலாகாது. பிள்ளையின் அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்கலாகாது. பணம் கட்டினால், கல்லூரியின் பெயர், தொகை, எதற்காக என்ற விவரம், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை ஆகிய நான்கும் எழுதிய ரசீது வேண்டும். வாயால் சொன்ன உறுதிகளைக் கடிதமாகவோ கைப்பேசிச் செய்தியாகவோ எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏமாற்றப்பட்டவர்கள், ஏஜெண்டின் ஆபீஸ் டில்லியில் இருக்கிறதே என்று சோர்ந்துவிடத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; ஆவடி, பூவிருந்தவல்லிக்காரர்கள் திருவள்ளூர் ஜில்லா நுகர்வோர் கமிஷனுக்கும், 2018இல் சென்னை ஜில்லாவோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூர்க்காரர்கள் சென்னைக் கமிஷனுக்கும் போக வேண்டும். கொடுத்த பணம் ஐம்பது லட்சம் வரையில் ஜில்லாக் கமிஷனே விசாரிக்கும். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து கெடு இரண்டு வருஷம்.